சாட்சிக் கூண்டில் நிற்கத் தெரிந்த ஆய்வாளர்

கோவையில் 2010 அக்டோபர் இறுதியில், பள்ளிக்குக் கிளம்பிய பத்து வயதுச் சிறுமியும் அவளுடைய ஏழு வயதுத் தம்பியும் வாடகை வாகனத்தில் கடத்தப்பட்டனர். பரம்பிக்குளம் - ஆழியாறு பாசன வாய்க்காலில் தள்ளிக் கொல்லப்பட்டனர். இந்த நகரம் அதை இன்னும் மறக்கவில்லை. கைதான இருவரில் ஒருவர் சில நாள்களிலேயே காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றொருவருக்கு விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2014-இல் உறுதி செய்தது. உச்சநீதிமன்றம் 2019 ஆகஸ்ட் 1 அன்று உறுதி செய்தது. சட்ட மாணவர்கள் இதை 'மனோகரன் வழக்கு' என்று படிக்கிறார்கள்.

உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் எவரும் குற்றம் நடந்ததைப் பற்றி ஐயம் கொள்ளவில்லை. தண்டனையில்தான் அவர்கள் பிரிந்தனர். நீதிபதிகள் ரோஹிந்டன் நாரிமனும் சூர்ய காந்தும் தூக்கு தண்டனையை ஏற்றனர். நீதிபதி சஞ்சீவ் கன்னா, ஆயுள் முழுவதும் விடுதலையற்ற சிறையே போதும் என்றார். குற்றவாளி நீதித்துறை நடுவர் முன்பு ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்திருந்தார்; பின்னர் அதிலிருந்து பின்வாங்கினார். பின்வாங்கியதே அவர் மனம் வருந்தவில்லை என்பதற்கு அடையாளம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கருதியது. முதலில் ஒப்புக்கொண்டதைத் தண்டனையைத் தணிக்கும் காரணியாக மாறுபட்ட தீர்ப்பு எடுத்துக்கொண்டது. ஒரே மனிதன், ஒரே ஆவணம். ஆனால் அவன் மனத்தைப் பற்றி இரண்டு முடிவுகள்.

எந்தத் தீர்ப்பு சரி என்று வாதிடுவது என் நோக்கமன்று. உளவியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. ஒருவர் வருந்துகிறாரா, திருந்துவாரா, அந்த நேரத்தில் அவர் மனநிலை என்ன என்பன சட்டக் கேள்விகளாக இருக்கும் அளவுக்கு உளவியல் கேள்விகளாகவும் இருக்கின்றன. அவற்றுக்கு முறையான விடையைத் தேடித் தரும் பயிற்சி பெற்றவர்கள் கொங்கு மண்டலத்தில் எத்தனை பேர்? கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று விரல்விட்டு எண்ணினாலும் ஒரு கைக்கு மேல் போகாது என்பதே என் அனுபவம்.

இந்தக் கேள்வி இப்போது ஏட்டளவில் நிற்கவில்லை. 2022 மே 20 அன்று, மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு நடைமுறையை வகுத்தது. மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவரின் மனநல, உளவியல் மதிப்பீட்டை அரசு விசாரணை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். சிறையில் அவர் நடந்துகொண்ட விதம் குறித்த அறிக்கையும் வர வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'புராஜெக்ட் 39ஏ' என்னும் ஆய்வுக் குழு, தான் ஆய்வு செய்த மரண தண்டனைக் கைதிகளில் 62 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்ததாகத் தெரிவித்திருந்தது.

தூக்கு வழக்குகள் அரிது. அன்றாடம் வருபவை வேறு. பதினாறு வயது நிறைந்து பதினெட்டு நிறையாத சிறுவன் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, குற்றம் செய்வதற்கான அவனது மன, உடல் திறனையும் விளைவை உணரும் ஆற்றலையும் இளைஞர் நீதிக் குழுமம் மூன்று மாதங்களுக்குள் மதிப்பிட வேண்டும். அவனை வளர்ந்தவனாக விசாரிக்கலாமா என்பது அதைப் பொறுத்தே முடிவாகும். குழுமத்தில் குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவம் படித்தவர் இல்லையெனில், நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022 ஜூலையில் தெளிவாக்கியது. போக்சோ சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விசாரணைக்கு முன்பும் விசாரணையின்போதும் குழந்தைக்கு உளவியல் அறிந்தோர் துணை நிற்பதற்கான வழிகாட்டுதல்களை மாநில அரசு வகுக்கச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தின் 39-ஆம் பிரிவு, நிபுணர் கருத்துக்கான வரம்பை 'வேறு எந்தத் துறையும்' என்று விரித்தேவிட்டது. கதவைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே வரத் தகுதியானவர்களைப் பல்கலைக்கழகங்கள்தாம் உருவாக்க வேண்டும்.

இத்துறையைத் தமிழில் தடயவியல் உளவியல் என்கிறோம். 'தடயம்' என்றதும் குருதிக்கறையும் கைரேகையும் நினைவுக்கு வருகின்றன. பின்னாலேயே திரைப்படத்தில் வரும் மேதாவித் துப்பறிவாளரும் வந்துவிடுகிறார். மூல லத்தீன் சொல்லுக்குப் பொருள் பொதுமன்றம், வழக்காடும் இடம். எனவே 'நீதிசார் உளவியல்' என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உண்மையைக் கக்க வைக்கும் ஊசியும் இத்துறையின் சாரமன்று. ஒருவரின் சம்மதமின்றி நார்கோ சோதனை, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை ஆகியவற்றை நடத்தக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே மாதமே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

தடயத்தின் வேதியியலில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. நாட்டிலேயே முதன்முதலாக, 1849-இல், வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் அமைந்தது சென்னையில்தான். நஞ்சைக் கண்டறிய அன்றே ஆள் இருந்தார்கள். மனத்தைப் பற்றிச் சொல்ல இன்றும் தேட வேண்டியிருக்கிறது.

இன்றைய முனைவர் பட்டப் படிப்பு என்ன தருகிறது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, படிப்புக்கு குறைந்தது மூன்று ஆண்டுகள். குறைந்தபட்சம் 12 மதிப்பலகுகள் கொண்ட பாடப்பணி. அதில் ஆய்வு, வெளியீட்டு அறம் குறித்த பாடமும் அடக்கம். பிறகு ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. ஆய்வாளரை உருவாக்க இது போதும். நிபுணர் சாட்சியை உருவாக்கப் போதாது. வாய்மொழித் தேர்வுகளில் அமர்ந்திருப்பவர்களுக்கு நம் ஆய்வேடுகளின் வழக்கமான உருவம் தெரியும்: முந்நூறு கல்லூரி மாணவர்கள் அல்லது நூற்பாலைத் தொழிலாளர்கள், மூன்று வினாநிரல்கள், ஓர் ஒட்டுறவுக் கெழு. குற்றவியல் நடத்தை பற்றிய ஆய்வேட்டையே ஒரு கைதியைக்கூட நேரில் காணாமல் எழுதி முடிக்க முடியும்.

மருத்துவ உளவியலுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு உண்டு. இரண்டாண்டு மருத்துவமனைப் பயிற்சி உண்டு. நீதிசார் உளவியலாளர் என்ற பெயரில் நம் நாட்டில் தனி உரிமம் இல்லை. பிரிட்டனில் 2009 முதல் அது சட்டப் பாதுகாப்புள்ள பதவிப் பெயர். மேற்பார்வையின் கீழ் பயிலாமல் எவரும் அப்படி அழைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்க உளவியல் சங்கம் 2001-இல் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. அங்கு முனைவர் பட்டமும் ஓராண்டு முழுநேரக் களப்பயிற்சியும் அடிப்படை. நம்மிடம் பட்டம் மட்டும் இருக்கிறது.

அப்படியானால் ஆய்வு மாணவர் எதைக் கற்க வேண்டும்? முதற்பாடமாக நான் வைப்பது, 'நான் யாருக்காக இங்கே அமர்ந்திருக்கிறேன்' என்ற கேள்வியை. ஆலோசனை அறையில் எதிரே இருப்பவரின் நலனே உளவியலாளரின் ஒரே கடமை. அவர் சொல்வது வெளியே போகாது. மதிப்பீட்டு அறையில் இரண்டுமே மாறிவிடுகின்றன. அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும். அது எதிரே இருப்பவருக்குப் பாதகமாகவும் அமையலாம். இதை முதல் நிமிடத்திலேயே அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, புரிந்ததா என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஆலோசகராகப் பழகியவருக்கு இது கடினம். அவருடைய முகமும் குரலும் நம்பிக்கையை வரவழைக்கப் பழகியவை. கைதி மனம் உருகிப் பேசத் தொடங்குவார், சொல்லக் கூடாததையும் சொல்வார். கனிவு இந்த இடத்தில் பொறியாகிவிடும்.

ஒருவரே இரண்டு வேலையையும் செய்யக் கூடாது என்ற விதி இதிலிருந்து பிறக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைக்கு ஆறு மாதம் ஆறுதல் சொன்ன ஆலோசகரே அக்குழந்தையின் கூற்று நம்பகமானது என்று சாட்சி சொல்ல வந்தால், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் ஒரே கேள்வி கேட்பார்: 'இதைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே?' அந்தக் கேள்வியில் வழக்கே சரியலாம். சிறு நகரங்களில் ஒரே உளவியலாளர்தான் இருக்கிறார் என்பது உண்மையே. அதனால்தான் எண்ணிக்கையும் தேவை என்கிறேன்.

அடுத்தது, சட்டத்தின் கேள்வியைச் சரியாகக் கேட்டுக்கொள்வது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவு. செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாத நிலையில் ஒருவர் இருந்தாரா என்பதே அதன் கேள்வி. அதுவும் குற்றம் நடந்த அந்தக் கணத்தில். மனச்சிதைவு நோய் இருக்கிறது என்ற மருத்துவச் சீட்டு இதற்கு விடையாகாது. நோய் உள்ளவரும் தம் செயலை அறிந்திருக்கலாம். மூன்றாண்டு கழித்துச் சிறையில் சந்திக்கும் ஒருவரின் அன்றைய மனநிலையை மீட்டெடுக்க, உறவினர், அண்டை வீட்டார், பழைய மருத்துவக் குறிப்பு, முதல் தகவல் அறிக்கை, சிறைப் பதிவேடு என்று பல வழிகளில் துருவ வேண்டும். விசாரணையைப் புரிந்துகொண்டு வழக்குரைஞருக்கு உதவும் நிலையில் அவர் இன்று இருக்கிறாரா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டையும் குழப்பும் அறிக்கை எவருக்கும் பயன்படாது.

இனி மொழி. இதைப் பற்றிப் பாடநூல்கள் குறைவாகவே பேசுகின்றன; கொங்கு நாட்டில் இதுவே தலையாய திறன் என்று நான் நினைக்கிறேன். நம் ஊர்ப் பேச்சில் எதிரே இருப்பவர் பேசப் பேச 'ஆமாங்க', 'சரிங்க' என்று சொல்லிக்கொண்டே இருப்பது மரியாதை. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதே பெரும்பாலும் அதன் பொருள். 'அன்னைக்குச் சாயங்காலம் நீ அங்கேதான் இருந்தாய், இல்லையா?' என்று கேட்டால், 'ஆமாங்க' என்று வரும். அதை ஒப்புதலாக எழுதிக்கொள்ள ஒரு நொடி போதும். அதிகாரம் உள்ளவர் சொல்வதற்கு இணங்கிப் போகும் இயல்பு, தூண்டுதலுக்கு வசப்படும் இயல்பு ஆகியவற்றை அளக்க முறைகள் உண்டு. ஐஸ்லாந்தில் காவல் துறையில் பணியாற்றிப் பின் லண்டனில் உளவியலாளரான கிஸ்லி குட்யான்சன் 1980-களில் அதற்கான அளவுகோலை உருவாக்கினார். பொய் ஒப்புதலால் சிறைப்பட்டோரின் மேல்முறையீடுகளில் அவ்வகை ஆய்வு பிரிட்டனில் பெரிதும் பயன்பட்டது. ஆனால் அந்த அளவுகோலை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தால், நம்மூர் 'ஆமாங்க' எந்தப் பக்கம் கணக்காகும்? இதை விடுவிப்பது உண்மையிலேயே ஒரு முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வு. முந்நூறு மாணவர்களின் மன அழுத்தத்தை மீண்டும் ஒருமுறை அளப்பதைவிட இதனால் நாட்டுக்கு நன்மை அதிகம்.

திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களிலும் கோவையின் வார்ப்பகங்களிலும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் மாநிலத்தவர் வேலை செய்கின்றனர். அவர்களில் ஒருவர் கைதானாலோ பாதிக்கப்பட்டாலோ, நேர்காணல் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே நடக்கும். அந்த மொழிபெயர்ப்பாளர் அதே ஆலையின் மேற்பார்வையாளராக இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனைமலை, நீலகிரிச் சரிவுகளின் பழங்குடியினருக்கும் இது பொருந்தும்.

அளவுகோல்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மனநோயியல் ஆளுமையை அளக்க உலகெங்கும் பயன்படும் ஹேர் பட்டியல் கனடாச் சிறைவாசிகளைக் கொண்டு உருவானது. ஈரோட்டுக் கைதிக்கு அதில் கிடைக்கும் எண்ணின் பொருளை, உள்ளூர் ஒப்பீட்டுத் தரவு இல்லாமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த எண்ணை அறிக்கையில் அச்சிட்டுவிட்டால் அது அறிவியலாகத் தோற்றமளிக்கும். எந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவதும், நோயாளி போல நடிப்பவரைக் கண்டறிவதும், 'இதற்கு என்னால் விடை சொல்ல முடியாது' என்று எழுதத் துணிவதும் பயிற்சியால் மட்டுமே வரும்.

குற்றவாளியின் மனத்தை மட்டுமே இதுவரை பேசினேன். சாட்சியின் மனம் அதைவிட முக்கியமானது. கொங்கு நாட்டின் இரு வழக்குகள் இதற்குச் சான்று. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலுக்குச் சென்றபோது கடத்தப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், பள்ளிப்பாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அன்று உடனிருந்த தோழி, நடுவரிடம் அளித்த வாக்குமூலத்திலிருந்து நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். 2022 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை மீண்டும் அழைத்துக் கேட்டபோதும், கண்காணிப்புக் கேமரா பதிவில் இருப்பது தாம் அல்ல என்றார்; அவர் மீது அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. பிற சான்றுகளைக் கொண்டு தண்டனை நிலைத்தது. அந்தப் பெண்ணின் மனத்தில் என்ன இருந்தது என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. ஆனால் சாதிக் கொலை வழக்கில் சாட்சியாக நிற்கும் இளம்பெண்ணின் நிலையை முதல் நாளிலிருந்தே கவனித்து, அச்சத்தை மதிப்பிட்டு நீதிமன்றத்துக்குச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மற்றொன்று பொள்ளாச்சி வழக்கு. 2019-இல் வெளிவந்த அந்தப் பாலியல் கொடுமையில், 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது. சாட்சியமளித்த பெண்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை. தொடக்கத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தையே அதிகாரிகள் வெளியிட்டுவிட்ட வழக்கு அது என்பதை நினைத்தால், அப்பெண்களின் உறுதி வியப்பளிக்கிறது. எது அவர்களைத் தாங்கியது? மூடிய நீதிமன்ற அறையா, குடும்பமா, மத்தியப் புலனாய்வு அமைப்பு அவர்களை அணுகிய விதமா? அவர்களைத் தொந்தரவு செய்யாமல், வழக்குரைஞர்களையும் நீதிமன்றப் பணியாளர்களையும் துணை நின்றோரையும் கேட்டறிந்து இதை ஆராயலாம்.

இதில் ஒரு நுண்ணிய கோடு உண்டு. சாட்சியை ஆயத்தப்படுத்துவது வேறு, சொல்லிக் கொடுப்பது வேறு. கூண்டு எங்கே இருக்கும், யார் எங்கே அமர்வார், கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம் என்பதைக் காட்டுவது முதல் வகை. நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல் பேசினாலும் இரண்டாம் வகையின் வாசலில் கால் வைத்ததாகும். கேள்வியின் ஒரு சொல் நினைவையே மாற்றும் என்று எலிசபெத் லாஃப்டஸ் 1974-லேயே காட்டினார். ஒரே விபத்துப் படத்தைப் பார்த்தவர்களில், கார்கள் 'மோதி நொறுங்கின' என்று கேட்கப்பட்டவர்கள் 'இடித்தன' என்று கேட்கப்பட்டவர்களைவிட அதிக வேகத்தைச் சொன்னார்கள்.

கடைசியாக, குறுக்கு விசாரணை. எவ்வளவு படித்தவராயினும், கூண்டில் ஏறிய முதல் பத்து நிமிடங்களில் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்துவிடுகிறார்: அளவுக்கு மீறி உறுதியாகப் பேசுவது, அல்லது மிரண்டுபோய்த் தம் முடிவையே கைவிடுவது. 'உங்கள் சோதனை நூற்றுக்கு நூறு சரியா?' என்று கேட்டால், 'இல்லை. அதன் பிழை வரம்பு இது. அதையும் கணக்கில் கொண்டே இம்முடிவுக்கு வந்தேன்' என்று அமைதியாகச் சொல்லத் தெரிய வேண்டும். கோவையில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். சட்ட மாணவர் குறுக்கு விசாரணை செய்ய, உளவியல் ஆய்வாளர் பதில் சொல்ல, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமை ஏற்க, பருவத்துக்கு இரண்டு மாதிரி விசாரணைகள் நடத்துவதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

செலவும் தடையும் உள்ள இடம் சிறை. வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்த கோவை மத்திய சிறையில் கைதிகளைச் சந்திக்கச் சிறைத் துறையின் அனுமதியும், பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அனுமதி எளிதாகக் கிடைக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆய்வுக்கு ஒத்துழைத்தால் சலுகை கிடைக்கும் என்று கைதி நினைக்கும் இடத்தில் சுதந்திரமான சம்மதம் என்பது அரிய பொருள். ஆனால் நெறியாளரின் மேற்பார்வையில், குறிப்பிட்ட மணி நேரத்துக்கு, ஆண்டுதோறும் சிலரையாவது அனுப்பும் நிலையான உடன்பாடு இருந்தால், தனித்தனியே மனுப் போட்டுக் காத்திருந்து, கடைசியில் கல்லூரி மாணவர்களிடமே வினாநிரல் கொடுக்கும் நிலை மாறும். கொடுமைகளை நாள்தோறும் கேட்கும் இளம் ஆய்வாளரின் உறக்கத்தையும் நெறியாளர் கேட்டறிய வேண்டும். அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

மனநல மருத்துவர்கள் இருக்கும்போது இவர்கள் எதற்கு என்ற கேள்வி வரும். நோயறிதலும் மருந்தும் மருத்துவருடையவை. அதில் போட்டி இல்லை. ஒரு சிறுவனின் அறிதிறனை அளக்க, சாட்சியின் நினைவைச் சேதப்படுத்தாமல் கேட்க, வாக்குமூலம் எந்தச் சூழலில் பிறந்தது என்று ஆராய உளவியல் பயிற்சி தேவை. அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் வரிசையைப் பார்த்தவர்கள், அந்த மருத்துவர்களிடம் இதையும் ஏற்றச் சொல்ல மாட்டார்கள்.

இன்னோர் எச்சரிக்கை நியாயமானது. சந்தை இருக்கிறது என்றதும் மூன்று மாதச் சான்றிதழ் படிப்புகள் முளைக்கும். அரைகுறை நிபுணர் இருப்பதைவிட நிபுணரே இல்லாதிருப்பது மேல். இல்லாதபோது நீதிபதி எச்சரிக்கையாக இருப்பார். ஆகவே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தகுதி பெற்றோரின் பட்டியலைப் பராமரிக்கும்போது, பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், மேற்பார்வையில் எத்தனை மதிப்பீடுகள் செய்தார், எத்தனை அறிக்கைகள் திருத்தப்பட்டன, எத்தனை முறை மாதிரிக் கூண்டில் நின்றார் என்று கேட்க வேண்டும். ஏழைக் கைதிக்கான மதிப்பீட்டுக் கட்டணத்தை அரசு ஏற்பதற்கும் அந்தப் பட்டியலே வழி.

புதிய ஆய்வாளர்களைச் சேர்க்கும்போதே இதைத் தொடங்கலாம். பன்னிரண்டு மதிப்பலகுப் பாடப்பணியில் நான்கைச் சட்டம், சாட்சியம், மதிப்பீட்டு அறம் ஆகியவற்றுக்கு ஒதுக்குவதற்கு மானியக் குழுவின் விதிமுறைகளில் தடை ஏதுமில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளருக்குப் பக்கத்தில் ஒரு குற்றவியல் வழக்குரைஞரையும் அமர வைத்து, ஆய்வேட்டின் முடிவுகள் மீது அரை மணி நேரம் கேள்வி கேட்க விடலாம்.